பெறுநர்: உயர்திரு அம்மா அவர்கள்

1

போன செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஒரு மனு வந்தது. நகராட்சியில் வேலை பார்ப்பவளுக்கு மனு வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இது அலுவலகத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், ரொட்டிக் கூடைக்கு அடியில் இருந்தது. தமிழில் இருந்தது. அனுப்பியவள் என் மகள் ரோஷினி.

ரோஷினிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பிறந்தது தூத்துக்குடியில், வளர்ந்ததெல்லாம் இங்கே, நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுக நகரில். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடங்களாக இதுதான் ஏற்பாடு. சண்டை முற்றினால் மட்டும் தமிழுக்கு வருவாள். அப்படிப்பட்டவள் ஒரு பக்கம் முழுக்கத் தன் கையாலேயே தமிழ் எழுதியிருந்தாள். எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

அனுப்புநர்: ரோஷினி, மாடி அறை.
பெறுநர்: உயர்திரு அம்மா அவர்கள், சமையலறை.
பொருள்: குரோனிங்கன் நகரில் தங்கிப் படிக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

அதற்குக் கீழே 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இருந்தது. கைப்பேசியில் எங்கோ ஒரு மாதிரி மனுவைப் பிடித்திருக்கிறாள், ஐயாவை அம்மாவாக்க மறந்துவிட்டாள். குரோனிங்கனில் கடல் உயிர்களைப் பற்றிய படிப்பு இருக்கிறது, அதில் இடம் கிடைத்துவிட்டது, மூன்று பெண்கள் தங்கியிருக்கும் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், எனவே ஐயா அவர்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறாள். முடிவில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்'. எங்கள் வீட்டில் கீழ்ப்படிதல் இருந்த ஒரே இடம் அந்தத் தாள்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாட்டில் பதினெட்டு வயதுப் பெண் வீட்டை விட்டுப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, போன இடத்திலிருந்து செய்தி அனுப்பினால் போதும். என்னோடு வேலை பார்க்கும் பாதிப் பேரின் பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். இவள் கேட்டிருக்கிறாள். அதுவும் தமிழில், மனுவாக. முடியாது என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

என் கணவர் அமலன் மணல் தூர்வாரும் கப்பலில் இன்ஜினியர். ஆறு வாரம் கடலில், ஆறு வாரம் வீட்டில். அன்று ஆப்பிரிக்கக் கரையோரம் எங்கோ இருந்தார். கூப்பிட்டு, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன்.

"ஏளா, வீட்டுல நீதான ஆபீசர். நீயே முடிவு பண்ணு. எனக்கு ஒரு நகல் போட்டுரு, போதும்" என்றார்.

2

ஆபீசர் என்று அவர் என்னைக் கேலி செய்ய ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் நான் நகராட்சியின் கவுண்டரில் இருந்தேன். எண் அச்சிட்ட சீட்டோடு வருகிறவர்களிடம் தாள்களை வாங்கி, சரிபார்த்து, உள்ளே அனுப்புகிற வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கவுண்டருக்கு முன்னால் நிற்பவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும்.

என் மேலதிகாரி ஒருநாள் காபி குடிக்கும்போது, பொது நிர்வாகத்தில் பட்டமேற்படிப்பு படித்தால் என்ன என்று கேட்டார். தி ஹேக் நகரில் அதற்கென்றே ஒரு கல்விக்கூடம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். வெள்ளிக்கிழமை முழுநாள், செவ்வாய்க்கிழமை மாலை, இரண்டு வருடம். நான் தூத்துக்குடியில் பி.காம். முடித்த காலத்தோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டவள். நாற்பத்து நான்கு வயதில் புத்தகப்பையா என்று தோன்றியது. ஆனால் அவர் கேட்ட விதத்தில், முடியாது என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. முடியாது என்று சொல்ல வராததுதான் என் பெரிய நோய் என்று பிறகு அந்தக் கல்விக்கூடமே கண்டுபிடித்தது.

நேர்காணலில் ஏன் படிக்க வருகிறீர்கள் என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க அலுவலகங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது.

வகுப்பில் பதினாறு பேர். தீயணைப்புத் துறையில் ஒருவர், போலீஸில் ஒருவர், வாய்க்கால்களின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் துறையில் ஒரு பெண், இப்படி. பேராசிரியை பெயர் அன்னெக்கெ. ஆறடி உயரம், சைக்கிளில்தான் வருவார். எல்லோரும் அவரை அன்னெக்கெ என்றே கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு மடங்கவில்லை. பெயரே சொல்லாமல் கையைத் தூக்கியே காலத்தை ஓட்டினேன். மரியாதை விஷயத்தில் எனக்கு நிதானம் கிடையாது. ஒருமுறை கவுண்டருக்கு ஒருவரோடு வந்த நாயிடம், கொஞ்சம் நகர்ந்துகொள்கிறீர்களா என்று டச்சில் முழு மரியாதையோடு கேட்டுவிட்டேன். நாய் நகர்ந்தது. அதன் சொந்தக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

3

இரண்டாம் வருடம் ஒரு எழுத்துத் தேர்வு. ஒரு பேட்டையில் இரண்டு கிளை நூலகங்கள் இருக்கின்றன, ஒன்றை நடத்தத்தான் ஆள் இருக்கிறது. எதை மூடுவது? நீங்கள்தான் பொறுப்பான அதிகாரி. ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கோப்பு ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரம் அவகாசமும் கொடுத்தார்கள்.

நான் உயிரைக் கொடுத்து எழுதினேன். வணக்கத்தோடு ஆரம்பித்தேன். அந்தப் பேட்டை மக்கள் காலங்காலமாகப் படும் பாட்டை விவரித்தேன். இரண்டு நூலகங்களையும் தொடர்ந்து நடத்த ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் என்று சொன்னது மூன்று பக்கம் ஆனது. கையெழுத்து இல்லாத மனுவுக்கு மதிப்பு ஏது? அதனால் நாற்பது குடியிருப்பாளர்களின் பெயர்களை நானே கற்பனை செய்து, விதவிதமான பேனாக்களில் கையெழுத்தும் போட்டு இணைத்தேன். அடியில் 'நகல்' என்று போட்டு மேயருக்கும், மாகாண ஆளுநருக்கும், மாட்சிமை தங்கிய மன்னருக்கும் அனுப்புவதாகக் குறித்தேன். மேலே எவ்வளவு பேருக்கு நகல் போகிறதோ அவ்வளவு பயம் இருக்கும். எங்கள் ஊரில் அது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அன்னெக்கெ என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாளை மேசையில் வைத்து, மன்னருக்கு நகல் என்ற வரியை விரலால் தொட்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பிறகு என் பெயரைச் சொல்லி நிதானமாகப் பேசினார். மெர்சி, நான் இருபது வருடமாகத் திருத்துகிறேன், இவ்வளவு நல்ல மனுவைப் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் யாரிடம் கேட்கிறீர்கள்? அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தானே? முடிவு எங்கே?

பத்துக்கு நான்கு. இன்னும் ஒரு வாய்ப்புதான் உண்டு, அதுவும் எழுத்தில் இல்லை, நேரில். தவறினால் பட்டம் இல்லை. ரயிலில் திரும்பும்போது எனக்கு அவமானமாக இருந்தது. எதிரில் இருந்தவர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார், அதற்கும் மூன்றுமுறை நன்றி சொன்னேன்.

4

இந்த மனு எழுதும் கை எனக்கு எங்கே வாய்த்தது என்றால், தூத்துக்குடிப் பக்கம் நான் வளர்ந்த கடலோர ஊரான புன்னைக்காயலில். எனக்கு அச்சு மாதிரி கையெழுத்து. அந்த ஒரு பாவத்துக்காக ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஊரின் மனுக்களெல்லாம் என் தலையில் விழுந்தன. தண்ணீர் வரவில்லை, ஆற்று முகத்துவாரம் தூர்ந்து வள்ளங்கள் தரைதட்டுகின்றன, தெருவிளக்கு எரியவில்லை, எல்லாவற்றுக்கும் நான்தான். ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை அண்ணாச்சி, தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியிலேயே என்னைப் பிடித்துவிடுவார். படிக்கிறவருக்குக் கண்ணீர் வர வேண்டும், அதே நேரம் பயமும் வர வேண்டும் என்பது அவருடைய கட்டளை. திங்கட்கிழமை ஒரு வேன் நிறையப் பெண்கள் தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்துக்குப் போவார்கள். மனு எண் எழுதிய ரசீதோடு, ஏதோ ஜெயித்து வந்ததைப் போலத் திரும்புவார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது விடியற்காலைப் பேருந்து கேட்டு ஒரு மனு. உண்மையில் அதைக் கேட்டது மீன் விற்கும் பெண்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கூடையில் மீன் கொண்டுபோகிறவர்கள். பகல் பேருந்தில் ஏறினால் கூட வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், முகத்தைத் திருப்புகிறார்கள். விடிவதற்குள் ஒரு பேருந்து இருந்தால் தாங்கள் மட்டும் நிம்மதியாகப் போய்விடலாம் என்பது அவர்கள் எண்ணம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பெண்கள் மேல் வாடை வீசுகிறது என்று கலெக்டருக்கு எப்படி எழுதுவது? அதனால் மாணவ மாணவியர் நலன் கருதி என்று அழகாக எழுதினேன். கண்ணீர் வரும்படி எழுதினேன்.

மனு பலித்தது. இரண்டே மாதத்தில் பேருந்து வந்தது, சரியாகப் பள்ளிக்கூட நேரத்துக்கு. முதல் நாள் பேருந்துக்கு மாலை போட்டு வெடி போட்டார்கள். மீன்காரப் பெண்கள் கூடைகளை வைத்துக்கொண்டு பார்த்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தியான செலின் அக்கா என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்க ஏளா. எங்களைத்தான் எழுதல" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருடத்தின் மீதி நாளெல்லாம் அதே பேருந்தில்தான் நான் பள்ளிக்குப் போனேன். ஜன்னலோர இடம்கூடக் கிடைக்கும். ஒருநாளும் எனக்கு அதில் சந்தோஷம் இருந்ததில்லை.

5

அந்தக் கடைசி வாய்ப்பான நேர்முகத் தேர்வுக்கு ரோஷினிதான் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நான் அதிகாரி, மறுபக்கம் அவள் மனுதாரர். தினமும் மாலையில் அரைமணி நேரம். என் டச்சைத் திருத்துவாள், என் முதுகைத் திருத்துவாள். நான் பேசும்போது முன்னால் குனிகிறேனாம், கும்பிடுவதைப் போலவே இருக்கிறதாம். என் பழைய மனுக் கதைகளையெல்லாம் அப்போதுதான் அவள் கேட்டாள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒவ்வொன்றையும் சொல்லச்சொல்லிச் சிரிப்பாள்.

தேர்வில் மூன்று நடுவர்கள். எதிரே குடியிருப்பாளராக நடிக்க ஒரு கிழவரை அமர்த்தியிருந்தார்கள். தொழில்முறை நடிகர். அதே நூலகக் கோப்புதான். நூலகத்தை மூட வேண்டாம் என்று ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அன்னெக்கெ எங்களுக்குச் சொல்லித்தந்த முறை ஒன்று உண்டு. முதல் வரியில் முடிவு. அடுத்து, காரணம். கடைசியாக, அந்த முடிவு பிடிக்காதவர் என்ன செய்யலாம் என்பது. இங்கே அரசாங்கம் அனுப்பும் எந்த முடிவின் அடியிலும் அது இருக்கும்: உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் ஆறு வாரத்துக்குள் எழுதலாம்.

நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் நூலகம் மூடப்படும், இந்த முடிவை எடுத்தவள் நான் என்றேன். கிழவரின் கண்கள் நிறைந்துவிட்டன. நடிப்பு என்று தெரியும். தெரிந்தும், சரி சரி, மூட வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தேன். சொல்லவில்லை. காரணங்களைச் சொன்னேன். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அவர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் செலின் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. பயிற்சியில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். ஐயா, இந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது என்ன?

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். பிறகு, தனக்குச் சரியாகப் படிக்க வராது என்றும், நூலகத்தில் உள்ள பெண் தினமும் காலையில் தனக்குச் செய்தித்தாளைப் படித்துக்காட்டுவாள் என்றும் சொன்னார். கடிதத்தையே அவள்தான் எழுதினாளாம். என் முடிவு மாறவில்லை. அடுத்த தெருவிலுள்ள சமூகக்கூடத்தில் காலை வேளைகளில் செய்தித்தாள் படித்துக்காட்ட ஏற்பாடு செய்கிறேன், அது முடிவின் பகுதியாகவே எழுதப்படும் என்றேன். அவர் எழுந்து கைகொடுத்தார். அந்த மனிதருக்குப் பத்துக்குப் பத்து போட என் கை துறுதுறுத்தது.

எனக்குக் கிடைத்தது ஏழரை. இந்த முறை மன்னரைத் தொந்தரவு செய்யவில்லை, சந்தோஷம் என்றார் அன்னெக்கெ. நானும் முதல்முறையாக, நன்றி அன்னெக்கெ என்று பெயரைச் சொல்லிவிட்டேன். பட்டமும் வந்தது; மூன்று மாதமாக நகராட்சியில் எனக்கென்று ஓர் அறை, வாசலில் பெயர்ப்பலகை. வாரத்துக்குப் பத்துப் பதினைந்து முடிவுகளில் கையெழுத்துப் போடுகிறேன். கை நடுங்குவதில்லை.

6

நடுங்காத அந்தக் கை, வீட்டில் ஒரு பக்க மனுவுக்குப் பதில் எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டது. புதன்கிழமை ரோஷினி கேட்டாள், மனு பரிசீலனையில் இருக்கிறது என்றேன். வியாழக்கிழமை கேட்டாள், உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றேன். எந்தத் துறை என்றாள். அப்பா என்றேன். அப்பா தனக்கு நகல் மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட்டதாக அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

குரோனிங்கனுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். புன்னைக்காயலிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகும் நேரம்கூட ஆகாது. கடலைப் படிக்க இவள் அங்கே போக வேண்டுமா, எங்கள் சனம் கடலிலேயே கிடக்கவில்லையா என்று முணுமுணுத்துப் பார்த்தேன். அது காரணமே இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் போகக் கூடாது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம், நான் தனியாக இருப்பேன் என்பதுதான். அதை எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார்.

சனிக்கிழமை மதியம் அவளை மேசைக்குக் கூப்பிட்டேன். விசாரணை என்றேன். சிரித்துக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்து ஒழுங்காக உட்கார்ந்தாள். அறை, பாடம், கூட இருக்கப்போகும் பெண்கள் என்று எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் டச்சில் டக்டக்கென்று பதில் வந்தது. பிறகு, அந்தத் தேர்வுக்குப் பின் ஒவ்வொரு மனுதாரரிடமும் நான் கேட்பதைக் கேட்டேன்.

"சரி. இதுல நீ எழுதாம விட்டது என்ன?"

அவள் மேசையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பதில் தமிழில் வந்தது.

"நான் போயிட்டா நீ யார்ட்டம்மா தமிழ் பேசுவ? அப்பா வருசத்துல பாதி கப்பல்ல இருக்காங்க."

"நீ எங்க தமிழ் பேசுன? நான் கேக்குததுக்கு எல்லாம் டச்சுலதான பதில் சொல்லுத."

"ஆனா கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள்.

இத்தனை வருடமும் என் பிள்ளையிடம் என் பேச்சு போய்ச் சேரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, அவள் எதிரிலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். முதல் வரியில் முடிவு: அனுமதி அளிக்கப்படுகிறது. அடுத்து, காரணம்: மனுதாரருக்கு அனுமதி தேவையில்லாத நிலையிலும் அவர் கேட்டிருக்கிறார், அப்படிக் கேட்கத் தெரிந்தவளை எங்கேயும் அனுப்பலாம். கடைசியில் வழக்கமான வரி: இந்த முடிவில் ஆட்சேபம் இருந்தால் ஆறு வாரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் எழுத்துக்கூட்டி மெதுவாக, வாய்விட்டுப் படித்தாள். ஆட்சேபம் என்ற இடத்தில் ஒருமுறை தடுக்கியது. திரும்பப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் இல்ல. உனக்கு இருந்துச்சின்னா?"

"முடிவு எடுக்கிறவளுக்கு ஆட்சேபம் சொல்ல வழி கிடையாது ஏளா. இங்கன சட்டம் அப்படி" என்று சொல்லி, தாளைத் திருப்பி வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.